புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு: இன்ஜின் பராமரிப்பின் அடிப்படைகள்

வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நம் சகோதரர்களில் சிலர், கையில் இருக்கும் சேமிப்பைக் கொண்டு ஃபைபர் படகு ஒன்றை வாங்கித் தொழில் தொடங்குகிறார்கள். தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், வேதாளை என்று இராமநாதபுரம் கரை நெடுகிலும் இப்படிச் சிலரைப் பார்க்கலாம். வாப்பா காலத்தில் வத்தையும் பாயும் வைத்துத் தொழில் செய்த குடும்பமாக இருக்கும். ஆனால் மகனுக்குக் கடலும் தெரியாது, இன்ஜினும் தெரியாது. கடலைப் படகில் வரும் தண்டல் சொல்லிக் கொடுத்துவிடுவார். இன்ஜினை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. கெட்டால் மெக்கானிக், மெக்கானிக் வரவில்லை என்றால் படகு கரையில். இப்படித்தான் போகிறது.

படகின் விலையில் பெரும்பங்கு இன்ஜினுக்குத்தான் போகிறது. படகில் முதலில் கெடுவதும் அதுதான். இன்ஜின் நின்றுபோனால் ஒரு நாள் வருமானம் மட்டும் போகாது. பாக் நீரிணை குறுகலான கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வரையப்பட்ட எல்லைக்கோடு அதற்குள்தான் ஓடுகிறது. இன்ஜின் நின்ற படகு நீரோட்டத்தோடும் காற்றோடும் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. "இன்ஜின் ரிப்பேர், தெரியாமல் வந்துவிட்டோம்" என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும், படகும் போய், ஆட்களும் சிறையில் இருக்கும் நிலைமை ஏற்படலாம். ஆகவே இன்ஜினைப் பற்றிக் கற்றுக்கொள்வதை ஒரு கூடுதல் திறமையாக எண்ண வேண்டாம். உயிர், பொருள் இரண்டுக்கும் அது பாதுகாப்பு.

நம் கரைகளில் சிறு படகுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வகை இன்ஜின்கள்தான். ஒன்று, படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் வகை அதில் அதிகம். மற்றொன்று, நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் உள்ள லாங்-டெயில் டீசல் இன்ஜின், அல்லது வல்லத்தின் உள்ளே பொருத்திய சிறிய டீசல் இன்ஜின். இலங்கையில் கிண்ணியா, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் நம் மக்கள் வைத்திருக்கும் சிறு ஃபைபர் படகுகளுக்கும் அவுட்போர்டு மோட்டார்தான் வழக்கம். இந்தக் கட்டுரையில் அவுட்போர்டைப் பற்றியே அதிகம் சொல்கிறேன். புதியவர்கள் அதிகம் கெடுப்பது அதைத்தான்.

முதல் பத்து மணி நேரம்

புது மோட்டார் வந்தவுடன் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கும். கூடாது. உள்ளே இருக்கும் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பழகிப் படிவதற்குச் சுமார் பத்து மணி நேரம் தேவை. முதல் சில நிமிடங்கள் மெதுவான ஓட்டம், முதல் ஒரு மணி நேரம் பாதி வேகத்துக்கு மேல் போகாமல், அதன் பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இடையிடையே மட்டும் சற்று நேரம் முழு வேகம் என்று கொண்டுபோக வேண்டும். ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டுவதையும் இந்தக் காலத்தில் தவிர்க்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் இன்ஜின் ஆயிலுக்குத் தனிக் கிண்ணம் கிடையாது. எரிபொருளில் கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. பெட்ரோலில் ஓடும் பல மோட்டார்களுக்கு 50-க்கு 1 என்பது பொதுவான அளவு. அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 10 லிட்டருக்கு 200 மில்லி. புது மோட்டாருக்கு முதல் பத்து மணி நேரத்துக்கு இதைப்போல் இரு மடங்கு ஆயில் கேட்கும் கம்பெனிகள் உண்டு. மண்ணெண்ணெய் மாடல்களுக்கு அளவு வேறாக இருக்கும். மோட்டாரோடு வந்த கையேட்டில் உள்ள அளவை ஒரு தாளில் பெரிதாக எழுதி, டேங்க் வைக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். கண் அளவில் ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குப்பி ஒன்று போதும்.

ஆயில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் விலை குறைவு என்று அதையே படகுக்கும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். பைக் இன்ஜின் காற்றில் குளிர்வது, அதிகச் சூட்டில் ஓடுவது. அவுட்போர்டு கடல் தண்ணீரால் குளிர்வது, அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடுவது. பைக் ஆயிலில் உள்ள சாம்பல் தரும் பொருட்கள் அவுட்போர்டின் ரிங்கிலும் பிளக்கிலும் படிந்துவிடும். டப்பாவின் மேல் 'டிசி-டபிள்யூ3' என்று போட்டிருக்கும் ஆயில்தான் அவுட்போர்டுக்கு உரியது. இதில் மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

மோட்டார் ஓடும்போது எங்கே பார்க்க வேண்டும்?

அவுட்போர்டின் பின்புறத்திலிருந்து மெல்லிய தண்ணீர்த் தாரை ஒன்று பீய்ச்சிக்கொண்டே இருக்கும். கீழே உள்ள பம்ப் கடல் தண்ணீரை இழுத்து, இன்ஜினைச் சுற்றி அனுப்பிக் குளிரவைக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. மோட்டாரை ஸ்டார்ட் செய்தவுடன் கண் போக வேண்டிய முதல் இடம் அது. வலை இழுக்கும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே திரும்பிப் பார்க்கும் பழக்கம் தானாகவே வர வேண்டும்.

தாரை நின்றாலோ, மெலிந்தாலோ உடனே மோட்டாரை நிறுத்துங்கள். "கரை பக்கத்தில்தானே இருக்கிறது, போய்விடலாம்" என்று ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு செலவுக்கு அளவில்லை. நிறுத்திவிட்டு மோட்டாரைத் தூக்கி, தண்ணீர் உள்ளே போகும் சல்லடைத் துளைகளைப் பாருங்கள். பாக் விரிகுடாவில் கடல்புல் திட்டுகள் மிக அதிகம். அறுந்த புல், பாலித்தீன் பை, சில பருவங்களில் சொறி மீன் என்று ஏதாவது அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். துளை சுத்தமாக இருந்தும் தாரை வரவில்லை என்றால், தாரை வெளிவரும் ஓட்டையில் உப்போ மணலோ அடைத்திருக்கலாம். ஒரு துண்டுத் தங்கூசி நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பம்ப்பில்தான் கோளாறு.

அந்தப் பம்ப்பின் உள்ளே இருப்பது இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம். பல இதழ்கள் கொண்ட ஒரு பூவைப் போல இருக்கும். தண்ணீர்தான் அதற்கு வழுக்குப் பொருள். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் சில வினாடிகளிலேயே ரப்பர் உரசிக் கருகத் தொடங்கும். கரையில் வைத்து "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று கயிறு இழுத்துப் பார்ப்பது இதனால்தான் தவறு. மணலும் சேறும் கலந்த ஆழமற்ற தண்ணீரில் ஓட்டினாலும் இதழ்கள் சீக்கிரம் தேயும். நம் கரைகளில் படகைத் தள்ளி இறக்கும் இடமெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே இடுப்பளவுத் தண்ணீர் வரும் வரை கம்பால் ஊன்றிக்கொண்டு போய், அதன் பிறகு மோட்டாரை இறக்குவது நல்லது.

இம்பெல்லரை மாற்றும் வேலையை முதல் முறை மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பாருங்கள், அடுத்த முறை அவர் முன்னிலையில் நீங்களே செய்யுங்கள். கீழ்ப்பகுதியைக் கழற்றும்போது கியர் கம்பி எங்கே சேர்கிறது என்பதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. புதிய இம்பெல்லரை உள்ளே தள்ளும்போது, தண்டு சுழலும் திசையிலேயே திருப்பிக்கொண்டு இறக்கினால்தான் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். பழைய இம்பெல்லரில் ஏதாவது ஓர் இதழ் காணவில்லை என்றால், அந்தத் துண்டு மேலே தண்ணீர்ப் பாதையில் எங்காவது சிக்கியிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் மூடிவிட்டால், புது இம்பெல்லர் போட்டும் இன்ஜின் சூடாகும்.

கரைக்கு வந்த பிறகு

பராமரிப்பு என்று வந்தால், நன்னீரில் கழுவுவது ஒன்றையே நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கடல் தண்ணீர் இன்ஜினின் உள்பாதைகளில் நின்று காயும்போது உப்பு படிகிறது. நாளுக்கு நாள் அது கெட்டியாகிப் பாதையைச் சுருக்குகிறது, அலுமினியத்தை அரிக்கிறது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பி, புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு முழுகும் அளவுக்கு மோட்டாரை இறக்கி, நியூட்ரலில் மெதுவாக ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். டிரம்மைத் தாங்கும் மரச்சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் இது சிரமம் என்று தெரியும். ஆனாலும் ஒரே டிரம் தண்ணீரை உப்பு ஏறும் வரை சில தடவை பயன்படுத்தலாம்.

இங்கே குடும்பத்தினர் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. இன்ஜினைக் கதவடைத்த அறையிலோ, கொட்டகைக்குள்ளோ, வீட்டின் நடையிலோ வைத்து ஓட்டக்கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை, மூடிய இடத்தில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். திறந்த வெளியில், பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாராக இருந்தால், நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால், மறுநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கரைக்குப் போய்க் குளிர்ந்த மோட்டாரை இழுக்கும்போது எத்தனை தடவை இழுத்தாலும் பிடிக்காது. சில நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால், டேங்க் ஹோஸைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும் வரை டிரம்மில் ஓட்டுங்கள்.

மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வருபவர்கள், முதலில் அதைச் செங்குத்தாகச் சற்று நேரம் வைத்து உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதையும் வடியவிட வேண்டும். படுக்க வைக்கும்போது புரொப்பெல்லர் பக்கம் மேலே போகாமல், இன்ஜின் தலை எப்போதும் உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் தண்ணீர் புகைக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளின் பின்னால் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போகும் காட்சியைக் காணும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

கியர் ஆயிலும் புரொப்பெல்லரும்

மோட்டாரின் அடிப்பகுதியில், புரொப்பெல்லருக்கு முன்னே உருண்டையாக உள்ள பாகத்துக்குள்தான் கியர்கள் இருக்கின்றன. அவை தனி ஆயிலில் மூழ்கியிருக்கும். இரண்டு திருகாணிகள் தெரியும்: கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே உள்ளதைக் கழற்றி, பிறகு மேலே உள்ளதையும் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். அது என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். பால் கலந்த தேநீர் போல வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். அப்படியே விட்டால் கியரும் பேரிங்கும் துருப்பிடித்து உடையும். சீலின் விலையையும் கியர் செட்டின் விலையையும் கடையில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

புது ஆயிலை ஊற்றும்போது பலர் மேல் துளை வழியாக ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் உள்ளே காற்று நின்றுவிடும், ஆயில் முழுதாக நிரம்பாது. கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கி அழுத்தி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை நிரப்ப வேண்டும். முதலில் மேல் திருகாணியை மூடி, அதன் பிறகு கீழ்த் திருகாணியை மூட வேண்டும். வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுவது நல்லது. அதில் கஞ்சம் பிடித்துத்தான் பல மோட்டார்களில் தண்ணீர் ஏறுகிறது.

சீல் போவதற்குப் பெரிய காரணம் நம் வலைகளும் தூண்டில் நரம்பும்தான். புரொப்பெல்லரில் சுற்றிய தங்கூசி, தண்டின் உள்பக்கம் போய் இறுகி, சூட்டில் உருகி, சீலின் உதட்டை அறுத்துவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒரு முறையாவது புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, சுற்றியிருப்பதை வெட்டி எடுத்து, கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாமல் புதிதாகப் போடுங்கள். சில சிறிய மோட்டார்களில் புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் தானே உடைந்து கியரைக் காப்பாற்றும் ஒரு மென்மையான பின் இருக்கும். அந்த வகை என்றால் படகில் இரண்டு மூன்று உபரிப் பின்கள் எப்போதும் இருக்க வேண்டும். பின்னுக்குப் பதில் இரும்பு ஆணியைச் செருகுவது கியரை உடைக்கும் வழி.

மோட்டாரின் கீழ்ப்பகுதியில் பூசப்படாத ஒரு சாம்பல் நிற உலோகத் துண்டு இருக்கும். துத்தநாகத்தாலோ அலுமினியக் கலவையாலோ ஆனது. கடல் தண்ணீரில் உலோகத்தை அரிக்கும் மின் வேதியியல் வேலையைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு, மோட்டாரின் உடலைக் காப்பாற்றுவதுதான் அதன் பணி. அதனால் அது கரைவது நல்லதே. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அழகுக்காக அதன் மேலும் அடித்துவிடுகிறார்கள். அடித்தால் அது வேலை செய்யாது.

கையேட்டின் கணக்கும் நம் கணக்கும்

"100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறை" என்று கையேடுகளில் இருப்பதைப் பார்த்து, ஆறு மாதம் என்பதை மட்டும் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். விடுமுறை நாளில் ஏரியில் உல்லாசமாக ஓட்டுபவருக்கு 100 மணி நேரம் சேர அத்தனை மாதம் ஆகலாம். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டும் மீனவருக்கு 25 நாளில் 100 மணி நேரம் வந்துவிடும். அதாவது, அவர்களுக்கு ஆறு மாதம் என்பது நமக்கு ஒரு மாதம். புது மோட்டாருக்கு முதல் கியர் ஆயில் மாற்றம் இன்னும் முன்னதாக, முதல் 10 முதல் 20 மணி நேரத்திலேயே வரும்.

இதற்கு ஒரே வழி, ஓடிய மணி நேரத்தைக் குறித்து வைப்பது. வீட்டில் தொங்கும் நாட்காட்டியிலேயே அன்றன்றைய மணிக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் மகிழ்ச்சியோடு செய்யும், வாப்பா எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதும் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்களில், ஜும்ஆவுக்கு முந்திய காலை நேரத்தைப் பிளக், கிரீஸ், ஹோஸ் பார்ப்பதற்கு ஒதுக்கிவிடலாம்.

பிளக் சொல்லும் செய்தி

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையின் நிறத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இளம்பழுப்பு நிறம் நல்லது. கறுத்து, ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆயில் கூடுதல், அல்லது எரிபொருள் கூடுதல், அல்லது பொறி பலவீனம். சாம்பல்போல வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவாகப் போகிறது, இன்ஜின் அதிகமாகச் சூடாகிறது. இது ஆபத்தான அறிகுறி, உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். மண்ணெண்ணெய் மோட்டார்களில் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும். படகில் எப்போதும் புது பிளக் ஒரு ஜோடியும் பிளக் ஸ்பேனரும் ஈரம் படாத டப்பாவில் இருக்கட்டும். மாட்டும்போது முதலில் விரலாலேயே பல சுற்று திருக வேண்டும். ஸ்பேனரால் கோணலாக ஏற்றினால் அலுமினியத் தலையின் மரை போய்விடும்.

எரிபொருளில் தண்ணீர் கலப்பது நம் கரைகளில் அடிக்கடி நடப்பது. சந்தேகம் வந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் பாதி நிரம்பிய கேனில் வாரக்கணக்கில் வைத்த பெட்ரோல் கெட்டுப்போவது இதனால்தான். தேவைக்கு வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுவதே சரி. பில்டரையும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

நடுக்கடலில் நின்றால்

முதல் வேலை மோட்டாரைத் தொடுவதல்ல, நங்கூரத்தைப் போடுவது. படகு ஓடிக்கொண்டிருக்கும்போது நிதானமாக யோசிக்க முடியாது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, நங்கூரம் பெரும்பாலும் பிடித்துவிடும்.

அதன் பிறகு, எளிதானதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கில் சுவிட்சின் கயிறு கழன்றிருக்கிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் மோட்டார் ஸ்டார்ட் ஆகிச் சற்று நேரம் ஓடி, பிறகு திணறி நின்றுவிடும். புதியவர்களைக் கடலில் நிறுத்துவதில் இந்தச் சிறிய திருகுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹோஸின் நடுவே உள்ள ரப்பர்ப் பந்தை அமுக்கிப் பாருங்கள். கெட்டிப்படவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. ஹோஸ் மடங்கியிருக்கிறதா, பில்டரில் தண்ணீர் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

எரிபொருள் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் துடைத்துக் காயவிட்டு, சோக்கைத் தள்ளிவிட்டு, சில தடவை கயிறு இழுத்து உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றி, புது பிளக்கைப் போடுங்கள். பொறி வருகிறதா என்று பார்ப்பவர்கள், பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதை மறக்கக்கூடாது. அந்தத் துளைக்குப் பக்கத்தில் பொறி விடுவது தீப்பிடிக்கும் வேலை. இவ்வளவும் செய்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், மோட்டாரை இன்னும் பிரிக்காமல் உதவி கேட்பதே புத்திசாலித்தனம். இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. கரையை விட்டு விலகினால் செல்போனுக்கு சிக்னல் இருக்காது என்பதால், பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து போவதும் வயர்லெஸ் வைத்திருப்பதும் அவசியம்.

மோட்டார் கடலில் விழுந்துவிட்டால்

பின்பலகையில் திருகுகள் தளர்ந்து மோட்டார் கடலில் விழுவது நடக்கக்கூடியதுதான். இதற்காகவே ஒரு பாதுகாப்புக் கயிற்றால் மோட்டாரைப் படகோடு கட்டி வைக்க வேண்டும். விழுந்த மோட்டாரை மேலே எடுத்த நிமிடத்திலிருந்துதான் அழிவு வேகமாகத் தொடங்குகிறது. உப்புத் தண்ணீரோடு காற்றும் சேர்ந்தால் பேரிங்கும் கிராங்கும் சில மணி நேரத்திலேயே துருவேறத் தொடங்கும். எனவே "வெயிலில் காயட்டும்" என்று வைத்துவிடக்கூடாது.

எடுத்தவுடன் மேல்மூடியைக் கழற்றி நன்னீரால் தாராளமாகக் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். கயிறு இழுபடாமல் முரண்டு பிடித்தால் வற்புறுத்த வேண்டாம். உள்ளே மணல் இருக்கலாம், ஓடும்போதே விழுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். எளிதாகச் சுற்றினால் கார்புரேட்டரை வடித்து, பிளக் துளைகளில் 2டி ஆயில் ஊற்றிச் சுற்றி, புது எரிபொருளோடு ஸ்டார்ட் செய்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அன்றே மெக்கானிக் கிடைக்க வழியில்லை என்றால், மோட்டாரை நன்னீர் நிரம்பிய டிரம்மில் முழுவதும் மூழ்கடித்து வைத்துவிடலாம். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் காற்று படாமல் இருப்பதுதான் அப்போது அதற்குப் பாதுகாப்பு.

டீசல் வைத்திருப்பவர்களுக்குச் சில

டீசல் இன்ஜின் பொறுமைசாலி, ஆனால் சுத்தமான ஆயிலும் சுத்தமான டீசலும் கேட்கும். தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், படகு சமமாக இருக்கும்போது அளவுகோலை எடுத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் தானாகக் கூடியிருந்தால் மகிழ வேண்டாம், டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது. காற்றில் குளிரும் இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் உப்பும் எண்ணெய் அழுக்கும் படிந்து மூடிவிடாமல் துலக்கி வைக்க வேண்டும்.

புகையின் நிறமும் பேசும். கறும்புகை என்றால் சுமை அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த இன்ஜினில் சற்று நேரம் வரும் வெண்புகை இயல்பு. சூடான பிறகும் நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் புகுகிறது.

டீசலை முழுவதும் தீரவிட்டால் குழாயில் காற்று புகுந்து, மறுபடி ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. பில்டரிலும் பம்ப்பிலும் உள்ள சிறு திருகுகளைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும் வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதை மெக்கானிக்கிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசலுக்கு நேரே கை வைக்கக்கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

லாங்-டெயில் இன்ஜினின் பக்கத்தில் கைலி கட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுழலும் தண்டிலும் பெல்ட்டிலும் கைலியின் முனையோ தோளில் போட்ட துண்டோ சிக்கினால், விடுவித்துக்கொள்ள நேரம் கிடைக்காது. இன்ஜின் பக்கம் இருப்பவர் அரைக்கால் சட்டை அணிவதைப் படகின் சட்டமாகவே வைத்துவிடுங்கள். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டவும் கூடாது.

பழைய மோட்டார் வாங்குவதாக இருந்தால்

விலை பேசுவதற்கு முன் கியர் ஆயில் திருகைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். மோட்டார் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டினால் போதாது. முழுதாகக் குளிர்ந்த பிறகு எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்று பாருங்கள். மோட்டாரில் பொறித்த எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் படகைப் பதிவு செய்வதற்கும், மானிய எரிபொருளுக்கு விண்ணப்பிப்பதற்கும் தாள்கள் சரியாக இல்லாவிட்டால் அலைச்சல்தான். புது மோட்டாராக இருந்தால் உத்தரவாத அட்டையில் ஒவ்வொரு சர்வீஸையும் முத்திரையோடு பதிந்து வாங்குங்கள்.

முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு, மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் கொச்சியிலும் அதன் கிளை சென்னையிலும் மீன்பிடிக் கப்பல் இன்ஜின் தொடர்பான பயிற்சிகளை நடத்துகின்றன. வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு நல்ல கைத்தொழிலாகவும் அமையலாம், இன்ஷா அல்லாஹ். ஒரு கரைக்கு ஒரே மெக்கானிக் என்றிருக்கும் ஊர்களில் இரண்டாவது ஆளுக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் போகும்போது, மோட்டாரை அப்படியே மூலையில் போட்டுவிட வேண்டாம். நன்னீரில் கழுவி, கார்புரேட்டரை வடித்து, கியர் ஆயிலைப் புதிதாக மாற்றி, பிளக் துளையில் சிறிது ஆயில் விட்டுக் கயிற்றை இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்து, வெளிப்புறம் எண்ணெய்த் துணியால் துடைத்து, மரச்சட்டத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றினால் உள்ளே ஈரம் நிற்கும். பழைய பருத்திச் சேலையால் போர்த்தினால் போதும். வாரம் ஒரு முறை கயிற்றை ஒரு சுற்று இழுத்து வைத்தால் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளாது.